ஓ குரூப் என்பதற்காக அம்மாவின் பருப்பை நிறுத்த வேண்டாம்

அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், சர்க்கரையும் இருக்கு. கோதுமை, பருப்பு, தயிரை நிறுத்திட்டு தினமும் ஆட்டுக்கறி சாப்பிடணும்னு யாரோ சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படி ரத்த வகை பார்த்துச் சாப்பிட்டு பலன் கிடைச்சதா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க.

ரத்த வகைக்கு ஏத்த மாதிரி சாப்பிடணும்ங்கற இந்த முறையைப் பரப்பினவர் அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடாமோ, 1996இல். உணவிலுள்ள லெக்டின் என்ற புரதம் ரத்த வகைக்கு ஒத்துவராட்டி ரத்த அணுக்களைத் திரட்டிவிடும் என்பது அவர் வாதம். பருப்பை நாம பச்சையா சாப்பிடறதில்லையே! குக்கர்ல வேகும்போதே லெக்டின் பெரும்பாலும் செயலிழந்துடும்.

2014இல் டொராண்டோ பல்கலைக்கழகம் 1,455 பேரிடம் இதைச் சோதிச்சது. 'ஏ' வகைக்குச் சொன்ன காய்கறி உணவைப் பின்பற்றினவங்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் குறைவாத்தான் இருந்தது. ஆனா அவங்க ரத்தம் எந்த வகையா இருந்தாலும் அதே பலன்தான். அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் கிடைச்சிருக்கும். மைதாவும் இனிப்பும் குறைஞ்சா யாருக்கும் உடம்பு தேறும்.

எனக்குக் கவலை அம்மாவோட மாத்திரைதான். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கற மாத்திரை எடுக்கறவங்க திடீர்னு சோறு, சப்பாத்தியைக் குறைச்சா சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துடலாம். ஏற்கெனவே குறைச்சிருந்தா இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தா உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்க.