தீபாவளிக் கறிக்கு நாட்டுக்கோழி: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்குப் பண்ணையிலும் சந்தையிலும் நாட்டுக்கோழி வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

போன தீபாவளிக்கு ‘அசல் நாட்டுக்கோழி’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குழம்பில் கறி சவசவ என்று கிடந்தது. பார்த்த உடனே கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, கோவை)

உங்களுக்குக் கிடைத்தது அநேகமாகக் கலப்பினக் கோழி. கிரிராஜா, வனராஜா போன்ற இனங்களும் அவற்றின் கலப்புகளும் நிறத்தில் நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். மூன்று மாதத்துக்குள் ஒன்றரைக் கிலோவை எட்டிவிடும். அவை கெட்ட கோழிகள் அல்ல. நாட்டுக்கோழி விலைக்கு விற்பதுதான் தப்பு. சிறுவிடை எனப்படும் நம் சின்ன உடல்வாகு நாட்டுக்கோழி அதே எடைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். பெட்டை பல நேரம் ஒன்றேகால் கிலோவோடு நின்றுவிடும். கறியின் ருசியும் இறுக்கமும் அந்தக் கூடுதல் மாதங்களில்தான் ஏறுகின்றன. அதனால் “நாட்டுக்கோழியா?” என்று கேட்காதீர்கள். “எத்தனை மாசம்?” என்று கேளுங்கள்.

கூட்டத்தை ஒரு நிமிடம் பாருங்கள். ஐம்பது கோழியும் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே நிறம் என்றால் பொரிப்பகத்துக் குஞ்சுகள். வீட்டில் அடை வைத்துப் பொரித்த கூட்டத்தில் செவலை, கருப்பு, சாம்பல், புள்ளி எல்லாம் கலந்து, சிறிசும் பெரிசுமாக நிற்கும். அலகு நுனி வெட்டியிருந்தால் அது அடைத்து வளர்த்த பண்ணைக்கோழி. மேய்கிற கோழிக்கு அலகு வெட்டத் தேவை வராது. நகத்தையும் பாருங்கள். குப்பையையும் மண்ணையும் கிளறிய நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். கூண்டில் கிடந்த கோழிக்கு நீண்டு வளைந்திருக்கும்.

இன்னொரு ஏமாற்று, முட்டைப் பண்ணையில் கழித்த பழுப்புநிறக் கோழி. ஒன்றரை வயதுக்கு மேல் முட்டை குறைந்ததும் மொத்தமாக விற்றுவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கோழியைக் கையில் தூக்கி, ஆசனவாய்க்கு இருபுறமும் துருத்தும் இரண்டு மெல்லிய எலும்புகளைத் தொடுங்கள். இடையில் ஒரு விரல் மட்டும் நுழைந்தால் இன்னும் முட்டையிடாத வெடைக்கோழி. மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடும் கோழி. அதோடு கழுத்தில் இறகு உதிர்ந்து, காலும் வெளுத்திருந்தால் வேண்டாம். கறி ரப்பர் போல இழுக்கும், கொழுப்புதான் மிதக்கும்.

சேவலின் வயதை எப்படிக் கணிப்பது? (வாசகர், திண்டுக்கல்)

காலின் உட்பக்கத்து முள்ளைப் பாருங்கள். ஐந்தாறு மாதச் சேவலுக்கு அது சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு மொட்டுதான். ஓராண்டு ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூர்ப்படும், இரண்டாண்டில் நீண்டு வளையத் தொடங்கும். முள்ளை அறுத்துவிட்டுக் கொண்டு வருபவர்களும் உண்டு. அதனால் நெஞ்செலும்பையும் தொட்டுப் பாருங்கள். வால் பக்கம் முடியும் நுனியை விரலால் அழுத்தினால், இளம் கோழிக்குக் குருத்தெலும்பாக வளையும். முற்றியதற்கு அசையாது.

வறுவலுக்கு மொட்டு முள், வளையும் நெஞ்செலும்பு. குழம்புக்கும் சாறுக்கும் ஓராண்டுச் சேவல் இன்னும் நல்லது. எலும்பிலிருந்து இறங்கும் ருசி அதில்தான் கனம். சண்டைக்கு வளர்த்துக் கழித்த பெருவிடைச் சேவலை (பெரிய உடல்வாகு நாட்டுச் சேவல்) மட்டும் விருந்துக்கு வாங்காதீர்கள். தொடைக்கறி வேகவே வேகாது.

ஒரு மாதம் முன்பே சொல்லியும் பண்ணையில் இல்லை என்கிறார்கள். தீபாவளிக்கு மட்டும் ஏன் இந்தத் தட்டுப்பாடு? (வாசகர், சென்னை)

நாள் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். ஐப்பசியில் ஆறு மாதக் கோழி வேண்டுமென்றால் குஞ்சு சித்திரை, வைகாசியில் பொரிந்திருக்க வேண்டும். அதற்கு 21 நாள் முன்னால் அடை வைத்திருக்க வேண்டும். அது கொளுத்தும் வெயில் காலம். சூட்டில் முட்டையில் கரு பிடிப்பது குறையும், பிடித்ததும் கெடும். வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய் வந்தால் தடுப்பூசி போடாத வீட்டுக் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். நாட்டுக்கோழி ஓர் ஈடுக்கு, அதாவது ஒரு முட்டையிடும் சுற்றுக்கு, 12 முதல் 15 முட்டைதான் இடும். ஆக, தீபாவளிக்குத் தயாராகும் அசல் கோழி இயல்பிலேயே குறைவு. அந்த இடத்தைத்தான் கலப்பினம் நிரப்புகிறது. பொங்கல் கரிநாளுக்கு இந்த நெருக்கடி இல்லை, ஆடி, ஆவணியில் பொரித்தவை அப்போது பதமாக இருக்கும்.

ஆகவே ஆவணியிலேயே பண்ணைக்கு நேரில் போய், மேய்கிற கூட்டத்தைப் பார்த்து, முன்பணம் கொடுத்து வையுங்கள். உயிர் எடைக்கா, சுத்தம் செய்த கறிக்கா விலை என்பதை அன்றே பேசிவிடுங்கள். சந்தை என்றால் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை போன்ற இடங்களுக்குத் தீபாவளி வாரத்துக்கு முந்தைய வாரமே, விடியற்காலையில் போங்கள். கடைசிச் சந்தையில் விலையும் ஏறும், பொறுக்கி எடுக்க நேரமும் இருக்காது. தீபாவளியோடு அமாவாசையும் சேரும் ஆண்டில் உங்கள் வீட்டில் கறி எந்த நாள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பண்ணைக்காரருக்கும் அதைச் சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு எத்தனை கிலோ? எடையில் ஏமாறாமல் இருப்பது எப்படி? (வாசகி, நாமக்கல்)

பெரியவர் ஒருவருக்கு எலும்போடு கால் கிலோ. ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ கறி. தோலோடு வாட்டி, ஈரல், இரைப்பையோடு சேர்த்தால் உயிர் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கிடைக்கும். தோல் உரித்தால் 60 சதவீதம்தான். அதாவது ஒன்றேகால் கிலோக் கோழி இரண்டு வாங்கினால் தோலோடு ஒன்றேமுக்கால் கிலோ, தோல் இல்லாமல் சரியாக ஒன்றரை. உயிர் எடை கிலோ 500 ரூபாய் என்றால் தோலோடு கறி கிலோ 700-ஐத் தாண்டுகிறது. விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போடாமல் ஒப்பிடாதீர்கள்.

தராசில் வைக்கும் முன் கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையைப் பிடித்துப் பாருங்கள். எலுமிச்சைக்கு மேல் உப்பிக் கெட்டியாக இருந்தால், விற்பதற்கென்றே கம்பையோ சோற்றையோ ஊட்டியிருக்கிறார்கள். அந்தத் தீனிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

வீட்டில் இரண்டு நாள் வைத்திருக்கலாமா? (வாசகர், ஈரோடு)

வைக்கலாம். மழைச்சாரல் படாத இடத்தில், காற்றோட்டமாக, பஞ்சாரத்துக்குள் (கோழியை மூடி வைக்கும் கூடை) கவிழ்த்து வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் அதனோடு விடவே கூடாது. சோர்ந்து இறகை உப்பி நிற்பது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்து திருகுவது, இதில் எது தெரிந்தாலும் அந்தக் கோழி சமையலுக்கு ஆகாது. அறுப்பதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். குடல் காலியாக இருந்தால்தான் கறியில் அசுத்தம் படாது. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வண்டியில் கொண்டுவராதீர்கள். கோழிக்கு அது பெரும் வதை, அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிக் கறியும் கறுக்கும்.

எவ்வளவு வேகவைத்தாலும் கறி கடினமாகவே இருக்கிறது. எங்கே தவறு? (வாசகி, மதுரை)

பெரும்பாலும் அறுத்த நேரத்தில்தான். கோழியை அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் தசை விறைக்கத் தொடங்கும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் தளரும். விறைத்திருக்கும் அந்த இடைவேளையில் அடுப்பில் ஏற்றினால் எத்தனை விசில் விட்டாலும் இழுக்கும். ஒன்று, அறுத்த சூட்டோடு சமைக்க வேண்டும். இல்லையென்றால் முந்தின நாள் மாலையே அறுத்து, கழுவி, மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். விடிகாலையில் எண்ணெய்க் குளியலும் பலகாரமுமாக இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் வசதி.

இறகு எடுக்கக் கொதிக்கும் தண்ணீரில் முக்குவதும் தவறு. தோல் கிழியும், மேல்கறி பாதி வெந்து வெளுக்கும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத்தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதில் ஒரு நிமிடம் முக்கி, இறக்கை இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் போதும். பிறகு மஞ்சள் பூசி, வைக்கோல் தீயிலோ அடுப்புத் தீயிலோ வாட்டிக் கழுவுங்கள். அந்த வாட்டிய தோலின் மணம் இல்லாமல் நாட்டுக்கோழிக் குழம்பு நிறைவதில்லை.

ஆறு மாதக் கோழி குக்கரில் நான்கைந்து விசில். ஓராண்டைத் தாண்டியதற்கு இரண்டு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் 20 முதல் 25 நிமிடம். தேங்காய் அரைப்பைக் குக்கரைத் திறந்த பிறகே சேருங்கள், முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

கருங்கோழி வாங்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

கருங்கோழி என்று விற்கும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம். அதற்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பு இறகை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அலகைத் திறந்து பாருங்கள், நாக்கும் வாயின் உட்புறமும் கறுத்திருக்க வேண்டும். கொழுப்பு குறைந்த கறி என்பதால் வறுவலில் காய்ந்துவிடும். குழம்பாக, நிறைய சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் விட்டு நிதானமாக வையுங்கள்.