கருக்கலில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

நண்பர்களோடு சேர்ந்து ஊரின் கோபுரங்களையும் குளங்களையும் இரவில் படம் எடுப்பது பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தஞ்சைப் பெரிய கோயிலை எதிர்ச் சாலையில் நின்று எடுத்தோம். வானம் மைக்கறுப்பு, விமானம் (கருவறை மேலுள்ள கோபுரம்) வெளிறிப் போய் ஒரு சிற்பம்கூடத் தெரியவில்லை. எங்கள் கேமரா போதாதா?
– வாசகர், பாபநாசம்

பதில்: கேமரா போதும், நேரம்தான் தப்பு. இரவுப் படம் என்று நாம் ரசிப்பவற்றில் நல்லவை பெரும்பாலும் சூரியன் மறைந்த 15-ஆவது நிமிடத்துக்கும் 30-ஆவது நிமிடத்துக்கும் நடுவில் எடுத்தவை. அந்தக் கொஞ்ச நேரம்தான் வானத்தின் நீலமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பிறகு வானம் இருண்டுகொண்டே போகும், விளக்கு அப்படியே நிற்கும். எட்டு மணிக்கு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரே படத்தில் அடக்க எந்தக் கேமராவாலும் ஆகாது.

நம் பக்கம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் சூரியன் சாய்வாக நழுவாமல் நேராக இறங்குகிறது. கருக்கல் சட்டென்று முடிந்துவிடும். கார்த்திகை மாதத் தொடக்கத்தில் தஞ்சையில் 5.50-க்குள் சூரியன் மறைந்துவிடும். ஆனிக் கடைசியில் 6.40 ஆகும். எந்த மாதமானாலும் அதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சட்டகத்தை முடிவு செய்து, ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டிய பிறகு ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும்.

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. வாசல் பக்கம் நின்றால் சூரியன் மறைந்த மேற்கு வானம் விமானத்துக்குப் பின்னால் இருக்கும். அதனால் மற்றப் பக்கங்களைவிட அங்கே நீலம் சில நிமிடம் கூடுதலாக நிற்கும். இது உங்களுக்குச் சாதகம். கிட்டே போய் அண்ணாந்து எடுக்காதீர்கள். 216 அடி விமானம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். தள்ளி நின்று, கேமராவைத் தரைக்கு மட்டமாக வைத்து, மேலே கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டு எடுங்கள்.

ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 4 விநாடி என்று தொடங்குங்கள். எடுத்ததும் திரையில் விமானத்தின் உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழிருந்து வரும் விளக்கு எந்தத் தளத்தில் நேராக விழுகிறதோ அங்கேதான் முதலில் வெளிறும். கல்லின் வரி தெரியவில்லை என்றால் 2 விநாடிக்கு இறங்குங்கள். இருட்டாக வந்த பகுதியை ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) பிறகு தூக்கிவிடலாம். வெளிறிப் போன கல்லைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்து, நல்லதை வீட்டில் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் தூக்கலாக வந்தால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பு) 3200 கெல்வின் பக்கம் கொண்டுபோகலாம். முழுக்க வெள்ளையாக்கிவிட வேண்டாம். அந்தக் கல்லுக்கு இளஞ்சூடான நிறம்தான் அழகு.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் இது. உள்ளே அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்கக் கூடாது. வெளியே வைப்பதானாலும் ஐந்து பேருக்கு ஐந்து ட்ரைபாட் விரித்து நடைபாதையை அடைக்காதீர்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் உங்களைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடக்கும்படி ஆகக் கூடாது. இரண்டு ட்ரைபாட் போதும், மாற்றி மாற்றி எடுங்கள். ஒருவர் வண்டி வரத்தைப் பார்க்கட்டும், ஒருவர் பைகளைப் பார்க்கட்டும்.

கேள்வி: திருச்சி காவிரிப் பாலத்தில் ட்ரைபாட் போட்டுத்தான் மலைக்கோட்டையை எடுத்தேன். ஆனாலும் விளக்கெல்லாம் இரட்டை இரட்டையாக விழுகிறது.
– வாசகர், லால்குடி

பதில்: ஆடுவது ட்ரைபாட் இல்லை, பாலம். பேருந்து ஒன்று கடந்தாலே பாலத்தின் தளம் அதிரும். 10 விநாடித் திறப்பில் அது அப்படியே பதிந்துவிடும். வண்டி இல்லாத இடைவெளி பார்த்து எடுங்கள். ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 800 ஆக்கினால் 8 விநாடி 1 விநாடியாகக் குறையும். அந்த இடைவெளி கிடைப்பதும் சுலபம். அதைவிட நல்லது பாலத்தை விட்டு இறங்கிவிடுவது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கல் தரை அசையாது, ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டையும் தெரியும். தண்ணீர் ஓடும் மாதங்களில் ஈரப் படிகளில் இறங்க வேண்டாம், மேல் படியே போதும்.

இன்னும் மூன்று காரணங்களைச் சரிபாருங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) ட்ரைபாடில் அணைக்க வேண்டும். சில லென்ஸ்களில் அதுவே அசைவை உண்டாக்கும். பட்டனை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றுக்காக அதில் பையைத் தொங்கவிட்டால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை தானே ட்ரைபாடை ஆட்டும்.

கேள்வி: கோபுரத்துக்கு முன்னால் நண்பர்களை நிறுத்தினால் முகம் தெரிகிறது, கோபுரம் காணாமல் போகிறது. இல்லாவிட்டால் தலைகீழாக.
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டு வெளிச்சங்களைத் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். முதலில் ஆட்களே இல்லாமல் கோபுரத்துக்கு மட்டும் சரியான அளவைப் பிடியுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/15 விநாடி பக்கம் வரும். அதைத் தொடாமல் ஆட்களை நிறுத்தி, ஃப்ளாஷை மேனுவலில் 1/16 சக்திக்கு வையுங்கள். முகம் வெளிறினால் 1/32. ஃப்ளாஷ் இல்லையென்றால் ஒரு நண்பரின் செல்போன் டார்ச்சை வெள்ளைக் கைக்குட்டையால் மூடி, பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி, முகத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே பிடித்தால் முகம் தட்டையாகிவிடும்.

ஃப்ளாஷ் அடித்ததும் ‘முடிஞ்சிது’ என்று எல்லோரும் கலைவதுதான் வழக்கமான கேடு. ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று நீளும் திறப்பில் ஷட்டர் இன்னும் திறந்திருக்கும். கலைந்தவர் உடம்பு வழியாகக் கோபுரம் தெரியும். ஷட்டர் மூடியதும் நீங்கள் ‘சரி’ சொல்லும்வரை நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். செல்போனின் நைட் மோடுக்கும் இதேதான். எண் ஓடி முடியும்வரை அசையக் கூடாது.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் பெரிய பௌர்ணமி நிலா எப்படி எடுப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாலையில் வாசல் பக்கம் நின்றால் கிடைக்காது. பௌர்ணமி நிலா மாலையில் கிழக்கே எழும்பும், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். அது மேற்கே இறங்குவது விடியற்காலையில்; பௌர்ணமியன்றோ மறுநாளோ சூரிய உதயத்துக்கு முன் கிழக்கே நின்று பாருங்கள். மார்கழியில் நிலா வடமேற்கில் சாய்ந்து மறையும், ஆனியில் தென்மேற்கில். நேர் மேற்கு வேண்டுமென்றால் பங்குனி, புரட்டாசிப் பௌர்ணமிகள்தான் தோது.

நிலா பெரிதாகத் தெரியத் தூரம் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, இடையில் மறைப்பு இல்லாத இடத்திலிருந்து எடுத்தால் நிலாவின் அகலம் விமானத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸாவது தேவை. கோயில் முன்னால் நின்றால் எந்த லென்ஸானாலும் அது ஒரு பொட்டுதான்.

கேள்வி: நாகூர் தர்கா மினாரா படங்களில் வானத்தில் பச்சைப் புள்ளிகள் விழுகின்றன.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். பளிச்சென்ற விளக்குகள் அதில் பட்டுத் திரும்பி எதிரொளிக்கின்றன.

கேள்வி: ட்ரோன் விடலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது. திருச்சியில் விமான நிலையமும் தஞ்சையில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா (தடை) மஞ்சளா (கட்டுப்பாடு) பச்சையா என்று முதலில் பாருங்கள். பச்சையாக இருந்தாலும் கோயிலுக்கு மேல் பறக்கத் தனி அனுமதி வேண்டும்.

கேள்வி: மார்கழியில் எடுத்த படங்களில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் புகை வளையம்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பனி லென்ஸில் படிந்திருக்கிறது. ஆற்றோரத்திலும் வயலோரத்திலும் அரை மணிக்குள் முன்கண்ணாடி ஈரமாகிவிடும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வேட்டி முனையால் துடைத்தால் கீறல் விழும். வாயால் ஊதவே ஊதாதீர்கள். ஏசி காரில் வந்தால் இன்னொரு சிக்கல்: குளிர்ந்த லென்ஸை வெளிக்காற்றில் எடுத்ததும் முழுக்க மூட்டமாகிவிடும். பையைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்திருந்து, பிறகு கேமராவை எடுங்கள்.