கறுப்பு வெள்ளை மரச்செதுக்கு, லினோ படங்கள் ஏன் வண்ணப் படங்களைவிட அழுத்தமாக மனதில் நிற்கின்றன?

திருகோணமலையில் ஓய்வு நேரத்தில் லினோ (லினோலியம் என்ற மெத்தென்ற தகடு; உளியால் வெட்டி, மை உருட்டி, தாளில் அச்சிடுவது) வெட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். முக்கியக் காரணம், இதில் மழுப்ப முடியாது. பென்சில் என்றால் சந்தேகம் வந்த இடத்தை விரலால் தேய்த்துச் சமாளிக்கலாம். இங்கே வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நெருக்கமாகக் கோடு போட்டுச் சாம்பல் போலக் காட்டலாம்தான், ஆனால் அந்த ஒவ்வொரு கோட்டையும் உளியால் எடுத்தாக வேண்டும்.

அப்புறம், வெட்டாத தகட்டில் மை உருட்டி அச்சிட்டால் வருவது முழு இருட்டு. வெளிச்சத்தை மட்டும்தான் நாம் செதுக்குகிறோம். உப்புவெளிக் கரையில் இரவு தெரியும் வள்ளங்களின் விளக்குகளுக்கு நாலைந்து புள்ளி போதும். கடலையும் வானத்தையும் தொடவே வேண்டாம்.

வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் லினோவில் செய்த காந்தி படம் அப்படித்தான்: கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், கையில் தடி, நடை. வேறொன்றும் இல்லை.

என்னை அதிகம் உலுக்கியவர் ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ். இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போரில் இறந்தான். உலோகத் தகட்டுச் செதுக்கோவியத்திலும் கல்லச்சிலும் தேர்ந்தவர் அவர். 1920இல் ஜெர்மன் சிற்பி ஏர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகு மரத்துக்கு மாறினார். அடுத்து வந்த ‘போர்’ தொகுப்பில் 7 படங்கள். அதில் ‘பெற்றோர்’ என்ற படத்தில் தாயும் தகப்பனும் மண்டியிட்டு ஒருவர்மேல் ஒருவர் சரிந்து ஒரே கறுப்புத் திரளாகக் கிடக்கிறார்கள். தகப்பன் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்தப் படத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

செய்து பார்க்க விரும்பினால், லினோவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகி உளி இலகுவாக ஓடும். இங்கே வெயிலுக்கு என்ன குறை! தண்ணீர் கலந்த மை மட்டும் இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய் மை நல்லது. அச்சு இயந்திரம் வேண்டாம், கரண்டியின் பின்புறத்தால் தாளை அழுத்தித் தேய்த்தால் சரி. படம் இடவலம் மாறி விழும் என்பதை நினைவில் வையுங்கள். கோணேசர் கோயில் பாறையைப் பார்த்தபடியே வெட்டினால் கடல் மறுபக்கம் போய்விடும், ஊர்ச்சனம் விடாது.

நிலாவெளிக் கடலின் நீலம்தான் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள், வாட்டர் கலர் வாங்குங்கள்.