கனமான வேலை என்கிறார்கள்

அன்புள்ள அக்கா,

எம்.எஸ்சி. நிலவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நிலத்தடி நீர் ஆய்வு வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவள். வீட்டிலோ, "கனமான வேலை, ராத்திரி வேலை, பெண்பிள்ளைக்கு ஆகாது. பேசாமல் பி.எட். சேர்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

ஒரு மாணவி, நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கனத்தைப் பார்ப்போம். ஊர் ஊராக நிற்கிறதே இந்தியா மார்க் 2 அடிபம்பு, அதன் சிலிண்டருக்குள் ஒரு வாஷர் தேய்ந்தால்கூட, நிலத்துக்குள் இறக்கியிருக்கும் இரும்புக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் வேண்டும். அது ஆண்கள் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 1980களில் கோவை மாவட்டத்து ஊர்களில் சோதித்துப் பார்த்து, மார்க் 3 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். குழாயை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான். குழாய் நின்ற இடத்திலேயே நிற்க, பிஸ்டனை மட்டும் கம்பியோடு உருவி எடுத்துவிடலாம். ஊர்ப் பெண்களே பழுது பார்க்கலாம் என்றானது. அத்தனை நாளும் அந்தப் பாரத்தைச் சுமத்தியது குழாயின் குறுகிய வாய்தான்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்துப் பெண்களையும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதில் அதிகம். 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தில் பயிற்சி பெற்று, ஸ்பானரும் கையுமாகப் போய் அடிபம்புகளைச் சரிசெய்தார்கள். கனம் என்று வீட்டில் மறுபடியும் சொன்னால் இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இரவு வேலை பற்றிய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ரிக் வண்டி ஓரிடத்தில் இறங்கினால் முடியும்வரை ஓட்டுவார்கள். விடிய விடிய ஓடும். நான் இதே வேலையில் இருந்தபோது அதைவிட என்னை வாட்டியது கழிப்பறை இல்லாததுதான். முதல் இரண்டு வருடம் களத்துக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றில் படுத்தேன். நான் வேலை செய்த நிறுவனத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நீங்கள் வேலையில் சேரும் அன்றே வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். "வெயிலில் உனக்கு எதற்கம்மா?" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஆண்கள் களத்துக்குப் போவார்கள். தண்ணீர் இருக்கும் இடம் தேட நிலத்தில் எடுக்கும் மின்தடை (resistivity) அளவுகளை வரைபடத்தில் குறிப்பது உங்கள் மேசைக்கு வரும். பதவி உயர்வு நேரத்தில் அதே வாய், "களப் பழக்கம் போதாது" என்னும். என்னிடம் சொன்னார்கள். இன்று நினைத்தாலும் கோபம் ஆறவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கான புவி அறிவியலாளர் தேர்வு எழுதுங்கள், நல்லது. ஆனால் எங்கே சேர்ந்தாலும் ரிக் பக்கத்தில் உங்களுக்கான இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் படிப்பு முழுவதும் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. கம்ப்ரசர் காற்று தள்ளத் தள்ள, முதலில் செம்மண் தூள் வரும். துளைபோடும் கம்பியான ராடு சில இறங்கியதும் சாம்பல் நிறத்தில் மாவு போலப் பறக்கும். அது கெட்டிப் பாறை. திடீரென்று ராடு சரசரவென்று இறங்கும். தூளில் பெரிய சில்லுகள் வரும். ஒரு பக்கம் துரு ஏறிப் பழுப்பாக இருக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் ஓடியதற்கு அந்தத் துருதான் அடையாளம். புழுதி அடங்கி, தூள் சேறாகிக் குழாயைச் சுற்றி வழியும். அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறவருக்குத்தான், "இன்னும் இரண்டு ராடு போகலாம்", "நிறுத்துங்கள், இதற்குக் கீழே காசுதான் கரையும்" என்று விவசாயியிடம் சொல்ல முடியும். கடன் வாங்கி போர் போடுகிறவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்று உங்கள் ஊரில் பிறந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிக் வைத்திருக்கும் உறவினரோ தெரிந்தவரோ உங்களுக்கு இல்லாமல் இருக்காது. அடுத்த விடுமுறையில் பக்கத்தில் எங்காவது பகலில் போர் போட்டால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். பத்தடிக்கு ஒரு பிடி தூள் எடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, மேலே ஆழத்தை எழுதுங்கள். எந்தக் கவரில் நிறம் மாறியது என்று எனக்கு எழுதுங்கள்; காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா