ஆவணத் தளமா? எந்த மாசி வீதி என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்காக நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து பைதானில் ஒரு கணக்கு மென்பொருள் எழுதி, கட்டற்ற உரிமத்தில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறோம். மென்பொருளை விளக்கும் ரீட்மீ கோப்பு அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. பயன்படுத்தும் விதத்தைச் சொல்லும் ஆவணங்களுக்குத் தனித் தளம் போடலாம் என்றால், அதை உருவாக்கும் கருவி எம்கேடாக்ஸா, ஸ்பிங்க்ஸா, டாக்குசாரஸா என்று சண்டை ஓயவில்லை. தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?
(வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: கருவிச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற விஷயம் அது. உங்களுக்கு இரண்டு விதமான வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒருவர் கடைக் கணக்குப்பிள்ளை. விடிகாலையில் மூட்டை மூட்டையாகப் பூ இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஈரக் கையோடு போனைத் திறப்பவர். இன்னொருவர் உங்கள் நிரலைத் திருத்த வருகிற புரோகிராமர். ஒரே பக்கத்தில் இருவரையும் உட்கார வைத்தால் இருவருமே எழுந்து போய்விடுவார்கள்.

மொழிக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கணக்குப்பிள்ளைக்கானதைத் தமிழில் மட்டும் எழுதுங்கள். புரோகிராமருக்கானதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் வைக்க ஆசைப்பட்டால், மூன்றாவது மாதத்தில் ஒன்று பழசாகிக் கிடக்கும். நானே அப்படி ஒரு திட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன்.

அடுத்தது பிரிப்பு. ஆட்டோக்காரரிடம் ‘மாசி வீதி’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கீழ மாசியா, மேல மாசியா, வடக்கா, தெற்கா என்று கேட்காமல் வண்டியை எடுக்க மாட்டார். ‘உதவி’ என்று மொட்டையாக ஒரு தலைப்பு வைப்பதும் அப்படித்தான். டேனியலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: புதிதாக வருபவருக்குக் கை பிடித்துச் சொல்லித்தரும் பயிற்சி, குறிப்பிட்ட வேலையை முடிக்கும் செய்முறை, தேடிப் பார்க்கிற விவரக்குறிப்பு, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். உங்களுக்கு நாலும் சமமாக வேண்டாம். கடைக்காரர்களுக்குச் செய்முறைதான் உயிர்.

செய்முறைப் பக்கங்களுக்கு விஷயம் தேடி எங்கும் போக வேண்டாம். இத்தனை நாள் கடைகளிலிருந்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த கேள்விகளை உட்கார்ந்து படியுங்கள். ‘நேத்து போட்ட பில்லுல மல்லி விலை தப்பு, எப்படி மாத்துறது?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், தலைப்பு ‘பில் மேலாண்மை’ அல்ல. ‘நேற்றைய பில்லில் விலையைத் திருத்துவது எப்படி?’ என்பதுதான். கீழே நாலைந்து படிகள் போதும். திரையில் பொத்தான் ‘சேமி’ என்று இருந்தால் ஆவணத்திலும் ‘சேமி’ என்றே எழுதுங்கள். ‘பதிவு செய்க’ என்று எழுதினால், அவர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

தேடலில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் ‘நிலுவை’ என்று எழுதியிருப்பீர்கள், அவர் ‘பாக்கி’ என்று தேடுவார். தமிழில் வேற்றுமை உருபு வேறு ஒட்டிக்கொள்ளும்: ‘கணக்கு’, ‘கணக்கை’, ‘கணக்கில்’. அதனால் பக்கத்தின் முதல் வரியிலேயே மார்க்கெட்டில் புழங்கும் சொற்களையும் இயல்பாகக் கலந்துவிடுங்கள். ஆனால் பக்கத்தின் இணைய முகவரியை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். ‘மதுரை’ என்ற ஒரு சொல் முகவரியில் குறியீடாக மாறினால் 45 எழுத்துகள் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அதை அனுப்பினால் ஏதோ வைரஸ் என்று பயந்துவிடுவார்கள்.

சரி, கருவி. ஸ்பிங்க்ஸ் 2008-இல் பைதான் ஆவணங்களுக்காகப் பிறந்தது. நிரலுக்குள் இருக்கும் குறிப்புகளிலிருந்தே விவரக்குறிப்பை உருவாக்கித் தரும். மற்ற புரோகிராமர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நூலகம் (லைப்ரரி) எழுதுபவர்களுக்கு அது வரம். நீங்கள் எழுதியிருப்பது செயலி. டாக்குசாரஸுக்கு நோடு, ரியாக்ட் என்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இன்னொரு உலகத்தையே பராமரிக்க வேண்டும். உங்களுக்கு எம்கேடாக்ஸ் போதும். எழுதுவது மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்தில்தான் என்பதால், பின்னால் மனம் மாறினாலும் எழுதியது வீணாகாது.

கோப்புகளை நிரல் இருக்கும் அதே கிட்ஹப் களஞ்சியத்தில் (ரெப்போ) ஒரு தனிக் கோப்புறையில் வையுங்கள். திரையை மாற்றுகிற புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) ஆவண மாற்றமும் வர வேண்டும். இல்லையென்றால் மெர்ஜ் இல்லை, அதாவது அந்த மாற்றத்தை நிரலில் சேர்க்கக் கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள். தளத்தை உருவாக்கும் கட்டளையோடு ஸ்ட்ரிக்ட் என்ற தெரிவைச் சேர்த்தால், எச்சரிக்கை வந்தாலே வேலை நின்றுவிடும். உள்ளே இணைப்பு உடைந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தளத்தை வைக்கும் இடத்துக்குச் செலவில்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்துக்கு, இணையப் பக்கங்களை வெளியிட்டுத் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவை இலவசம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பதால் வீடியோக்களை அங்கே ஏற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் படங்களையும் சுருக்கிப் போடுங்கள், பார்ப்பது போனில்தான். அப்புறம், அதிகம் கேட்கப்படும் ஐந்து வேலைகளை ஒரே ஏ4 தாளில் அச்சிடும்படி ஒரு பக்கம் செய்து கொடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

சொந்த டொமைன் (தளத்துக்கென்று தனி இணைய முகவரி) இப்போதைக்கு வேண்டாம். வருடா வருடம் அதைப் புதுப்பிக்கப் போவது யார் என்று உங்கள் நாலு பேருக்குள் முடிவான பிறகு வாங்கிக்கொள்ளலாம்.