"நீ என்ன ட்ரை பண்ணே?"ன்னு கேக்கறாங்களே அக்கா!

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. சைக்காலஜி செகண்ட் இயர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னாலே வயித்தக் கலக்குது. 10 பசங்களோட மார்க், கோச்சிங்குக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, கோச்சிங்கால மார்க் ஏறியிருக்கான்னு பாக்கச் சொல்லி அசைன்மென்ட். நெட்ல "ரெண்டு செட் மார்க் இருக்கு, எந்த டெஸ்ட் போடணும், அர்ஜென்ட், நாளைக்கு சப்மிட் பண்ணணும்"னு போட்டேன். ஒருத்தர் இண்டிபென்டன்ட் டி டெஸ்ட்னார், இன்னொருத்தர் பேர்டு டி டெஸ்ட்னார், மூணாவது ஆள் "நீ என்ன ட்ரை பண்ணே?"ன்னு கேட்டார். தெரிஞ்சா நான் ஏன் கேக்கப்போறேன்? ஷீட்டை இதோட அனுப்பியிருக்கேன்.
- பெயர் வேண்டாம், திருவண்ணாமலை

பதில்: கோவம் வர்றது நியாயந்தான்மா, ஆனா அந்த மூணு பேர்ல உனக்கு உதவ ரொம்ப நெருங்கி வந்தவர் அந்த மூணாவது ஆள்தான். நீ போட்ட கேள்வியைத் திரும்பப் படிச்சுப் பாரு, "ரெண்டு செட் மார்க்"னு மட்டும் சொல்லியிருக்கே, முன்னாடி எழுதின அதே 10 பேர்தான் பின்னாடியும் எழுதினாங்கன்னு எங்கயுமே சொல்லல. வேற வேற பசங்கன்னா முதல் ஆள் சொன்னது சரி, அதே பசங்கன்னா ரெண்டாவது ஆள் சொன்னது சரி. நீ என்ன ட்ரை பண்ணேன்னு சொல்லியிருந்தா அது எதுன்னு தெரிஞ்சிருக்கும். டி டெஸ்ட்ங்கறது, ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் தற்செயலா வந்ததா இருக்குமான்னு பாக்கற கணக்கு.

உன் ஷீட்ல அதே பசங்கதான், அப்ப பேர்டு. ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி வாங்கின மார்க்ல முன்னாடி மார்க்கைக் கழிச்சா 3, 5, -1, 4, 2, 6, 0, 3, 4, 4 வருது. சராசரி 3, அதுலேருந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 2.16, அதை 10-ஓட வர்க்கமூலத்தால வகுத்தா 0.683, 3-ஐ அதால வகுத்தா டி 4.39. டி டேபிள்ல டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9-க்கு (10 பேர்ல ஒண்ணு குறைச்சா 9), 5 சதவீதத்துல, ரெண்டு பக்கமும் பாக்கற டெஸ்ட்டுக்கு 2.262 இருக்கும், உன்னோடது அதைத் தாண்டிடுச்சு, அதாவது இந்த ஏற்றத்தைச் சும்மா தற்செயல்னு தள்ள முடியாது. இதே மார்க்கை இண்டிபென்டன்ட்ல போட்டிருந்தேன்னா டி 1-ஐக்கூடத் தொட்டிருக்காது, ஏன்னா உன் ஷீட்ல 38 எடுத்த பையனும் இருக்கான் 84 எடுத்த பொண்ணும் இருக்கு, அவங்களுக்குள்ள இருக்கற அந்தப் பெரிய வித்தியாசத்துல இந்த 3 மார்க் காணாமப் போயிடும். கழிச்சுப் பாக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன்னோட பழைய மார்க்கோடதான் போட்டி போடுது. ஒரு விஷயம் மட்டும் எழுத மறந்துடாத, மார்க் ஏறியிருக்குன்னுதான் இந்த டெஸ்ட் சொல்லும், கோச்சிங்காலதான் ஏறிச்சுன்னு சொல்லாது, கோச்சிங் போகாத பசங்க மார்க்கும் இருந்தாதான் அதைப் பேச முடியும்.

இந்த டி டெஸ்ட்டைக் கண்டுபிடிச்ச வில்லியம் காஸெட் யாருன்னு தெரியுமா? டப்ளின் கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்தவர், படிச்சது கணக்கும் கெமிஸ்ட்ரியும். கொஞ்சூண்டு சாம்பிளை வச்சு எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கற சந்தேகம் அவருக்கு, 1905-ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் கார்ல் பியர்சனைத் தேடிப்போய்க் கேட்டார், அப்புறம் லண்டன்ல அவர்கிட்டயே கொஞ்ச காலம் இருந்து படிச்சார். 1908-ல "ஸ்டூடண்ட்"ங்கற புனைபேர்ல அவரோட கட்டுரை வந்துச்சு. கேக்கறதுல வெக்கமே வேண்டாம்மா, எனக்கு அதுல ஆட்சேபணையே கிடையாது.

ஆனா கேக்கற விதம் இருக்கு. கிராஸ் வேலிடேட்டட்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்க்குன்னே நெட்ல ஒரு கேள்வி-பதில் தளம் இருக்குல்ல, அங்க பாடக் கேள்வின்னா அதை முதல்லயே சொல்லணும், எதுவரைக்கும் புரிஞ்சுது எங்க மாட்டிக்கிட்டேன்னும் எழுதணும், அவங்களும் முழு விடையைத் தூக்கிக் குடுக்காம குறிப்புதான் குடுப்பாங்க. சும்மா வந்து சொல்லிக்குடுக்கற முகம் தெரியாத ஆளுக்கு நாம செய்யற குறைஞ்சபட்ச மரியாதை அது. "அதே 10 மாணவர்கள், முன்னாடி பின்னாடி மார்க், வித்தியாசத்தோட சராசரி 3 வரைக்கும் வந்துட்டேன், இதுக்கப்புறம் 10-ஆல வகுக்கணுமா 9-ஆலயான்னு குழப்பம்"னு எழுதிப் பாரு, வர்ற பதிலே வேற மாதிரி இருக்கும். "அர்ஜென்ட்"ங்கற வார்த்தையை எடுத்துடு, பதில் சொல்ல வர்றவங்களையே அது விரட்டும். (9-ஆலதான் வகுக்கணும், டீவியேஷன் எடுக்கறப்போ.)

கேள்வி: என் பையன் எம்.பி.ஏ., ப்ராஜெக்ட்ல சர்வே டேட்டா அனலிசிஸ் பத்தி நெட்ல சந்தேகம் கேட்டிருக்கான், உடனே யாரோ தனியா மெசேஜ் பண்ணி "ஃபைலை அனுப்பு, பணம் குடு, முழுசா முடிச்சுத் தர்றேன்"ங்கறாராம். குடுக்கலாமாம்மா?
- ஒரு தகப்பனார், ஈரோடு

பதில்: வேண்டவே வேண்டாம் ஐயா. வைவால (நேர்ல கேள்வி கேக்கற பரீட்சைல) "ஏன் கை ஸ்கொயர் டெஸ்ட் போட்டே?"ன்னு ஒரு கேள்வி வந்தாப் போதும், தம்பி நின்னுடுவார். அதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த ஃபைல். அதுல சர்வேக்குப் பதில் சொன்னவங்க பேரு, ஃபோன் நம்பர், சம்பளம் எல்லாம் இருக்கும், தம்பியை நம்பித்தானே குடுத்தாங்க, அதை முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பறது பெரிய தப்பு. இனிமே பொதுவுல சந்தேகம் கேக்கறதா இருந்தாலும் பேரு, நம்பர் இருக்கற நெடுவரிசையை அழிச்சுட்டு, நாலஞ்சு வரிசை மட்டும் போட்டுக் கேக்கச் சொல்லுங்க, சந்தேகம் தீர அது போதும்.