பொங்கலின் வேர் எது? கோலசிலாங்கூர் வட்டார வாசகர்களின் கேள்வி பதில்

புக்கிட் ரோத்தான்: ஐயா, பானை ஏற்ற எது நல்ல நேரம்? புலனத்தில் மூன்று நேரம் வந்திருக்கிறது.

மூன்றும் தமிழ்நாட்டு நேரமாகத்தான் இருக்கும். நம் மலேசியக் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணி முந்தியது. சூரியன் மகர ராசியில் நுழையும் கணத்துக்கு மட்டும் அந்த இரண்டரை மணியைக் கூட்டுங்கள். உதயமும் இராகு காலமும் ஊருக்கு ஊர் வேறு. தை பிறக்கும்போது இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய காலை 7.25. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. எடுத்துக்காட்டாக, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு இராகு காலம். நாட்காட்டியில் 7.30–9.00 என்றிருக்கும்; இங்கே அது 8.55–10.25. "ஒன்பதோடு முடிந்தது" என்று அடுப்பு மூட்டினால், அது தொடங்கும் நேரத்தில் மூட்டுகிறீர்கள்.

ஈஜோக்: உத்தராயணம் என்பதால்தானே தை 1 புனித நாள்?

ஆமாம், ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நம் தை 1 ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. தீபாவளி நிலவைப் பார்த்து வருவது, பொங்கல் சூரியனைப் பார்த்து வருவது. இந்த விழாவின் ஆணிவேர் இதுதான்.

ஜெராம்: பொங்கலில் வெல்லத்துக்குப் பதில் குலா மெலாக்கா (தென்னங்கருப்பட்டி) போடலாமா?

போடலாம். கரைத்து வடிகட்டி, அரிசி குழைந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும், பாலும் திரியக்கூடும். ஒரு கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, பாலும் நீருமாக ஐந்து கப், இனிப்பு ஒன்றரை கப். புது அரிசி என்றால் நீரில் அரை கப் குறையுங்கள்.

பெஸ்தாரி ஜெயா, ஓர் ஆசிரியர்: பொங்கல் தமிழர் விழா, சமய விழா அன்று என்று எழுதுங்கள். 2020-இல் கல்வி அமைச்சின் கடிதம் அதைச் சமய விழா என்றதால் பள்ளிகளில் எவ்வளவு குழப்பம்!

காப்பார், கோயில் பொறுப்பாளர்: சூரியனைக் கும்பிடாமல் பொங்கல் ஏது? வேரை வெட்டாதீர்கள்.

இருவரும் நாலு முறை எழுதிவிட்டீர்கள், ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். நற்றிணையில் "தைஇத் திங்கள் தண்கயம் படியும்" பெண் வருகிறாள். அது நீராட்டு, அங்கே பானை இல்லை. தொல்காப்பியம் மருத நிலத்துக்கு வேந்தனைத் தெய்வமாகச் சொல்கிறது. உரைகாரர்கள் அவனை இந்திரன் என்றார்கள். அதை வைத்துப் போகியே பழைய இந்திர விழா என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் புகாரின் இந்திர விழா சித்திரை முழுநிலவில் நடந்தது. கண்ணன் மலையைக் குடையாகப் பிடித்த கோவர்த்தனக் கதையையும் பொங்கலின் வேராகக் காட்ட முடியாது. அது பாகவதத்தில் உள்ளது. வடநாட்டில் அதைத் தீபாவளிக்கு மறுநாள் கொண்டாடுகிறார்கள்.

சீவக சிந்தாமணியிலோ "புதுக்கலத்து எழுந்த தீம்பால் பொங்கல்" என்றே வருகிறது. அதைப் பாடியவர் சமணர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் தேவாலய முற்றத்தில் பானை வைக்கிறார்கள். அப்படியிருக்க ஒரு சமயம் மட்டும் இதற்குப் பட்டா கேட்க முடியாது. ஆனால் ஆசிரியரே, கோலமிட்டு, பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, கிழக்கு நோக்கிக் கைகூப்புவதை வெறும் பண்பாடு என்று சொன்னால், காலமெல்லாம் அப்படிக் கும்பிட்ட பாட்டிமாரின் பக்தியை மறுக்கிறோம். கும்பிடுவது வழிபாடுதான். அதைப் பல சமயத்தார் செய்கிறார்கள், அவ்வளவே.

ஜெராம்: அப்படியானால் தை 1 புத்தாண்டா?

தமிழ்நாட்டில் 2008-இல் சட்டமாக்கி 2011-இல் நீக்கினார்கள். அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

தஞ்சோங் காராங்: எங்கள் வயலில் இரண்டு போகம். அறுவடை தையில் வராவிட்டால் பொங்கல் பொருந்துமா?

பொருந்தும். நாள் சூரியனுடையது. பால்மரமும் செம்பனையும் மட்டுமே கண்ட தோட்டங்களிலும் அதனால்தான் பொங்கல் நிலைத்தது.

ஈஜோக்: அண்ணே, பொங்கல் நேரம்?

முதல் பதில்.

புக்கிட் ரோத்தான்: போகிக்குப் பழைய டயர் கொளுத்தலாமா?

கூடாது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. டயர்ப் புகை நஞ்சு. வீட்டைக் கழுவி, பழையதைப் பிரித்துக் கொடுங்கள்.

காப்பார்: அடுக்குமாடியில் மண்பானை கேஸ் அடுப்பில் விரிகிறதே?

புதுப் பானையை இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் கஞ்சித் தண்ணீர் காய்ச்சி ஆறவிடுங்கள். விழாவன்று நீர் ஊற்றிய பிறகே அடுப்பு. தீயை மெல்லக் கூட்டுங்கள். காய்ந்த பானையில் சுடர் நேரே பட்டாலும், சூடான பானையில் குளிர்ந்த பால் விழுந்தாலும் விரியும். கழுத்துவரை நிரப்பாதீர்கள், முக்கால் போதும், பால் தானே பொங்கி வரும்.

ஜெராம்: மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஒரு பானை வைக்கலாமா?

ஒரு கைப்பிடி போதும். சோறும் வெல்லமும் அதிகமானால் வயிற்றில் புளித்து, மாடு உப்பித் தீனி மறுக்கும், உயிருக்கே ஆபத்து. கொம்புக்கு வீட்டுச் சாயம் பூசாதீர்கள், மஞ்சளும் குங்குமமும் போதும்.

பெஸ்தாரி ஜெயா: நேரம் மட்டும் சொல்லுங்கள் ஐயா.

உங்கள் ஊர் உதயத்தைப் பாருங்கள். இந்திய நேரத்தைப் பார்க்காதீர்கள்.